ரோஷக்காரப் பாம்புக்கு வைத்த சாப்பாடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. பாம்புக் கதைதான், ஆனால் இது யாரையும் கடிக்காத பாம்பு.

எட்வின் என்று ஒருத்தன், கண்ணாடிப் பெட்டியில் ஈரமண் பரப்பி, கோடு போட்ட பாம்பு ஒன்றை ஆசையாக வளர்த்தான். கொஞ்ச நாளாக அது எதையும் தின்னவில்லை. அன்றைக்கு ஒரு மண்புழுவை இடுக்கியில் பிடித்து, பாம்பின் மூஞ்சிக்கு நேரே ஆட்டினான். வீடே கூடி நின்று அதன் வாயைப் பார்த்தது.

பாம்புக்குப் பசி குடலைப் பிடுங்கியது. கோபம் அதைவிடப் பெரிசாக இருந்தது. "இப்படி முறைச்சுப் பார்த்தா எவனுக்குலே தொண்டையில இறங்கும்?"

இடுக்கியில் தொங்கிய புழு, "நியாயம்தான் அண்ணாச்சி," என்றது. "மதிப்பில்லாத வீட்ல நீங்க கை நனைக்கலாமா?"

"எனக்கு ஏதுலே கை?"

"கை இல்லேன்னா மானமும் இல்லேன்னு ஆயிருமா?"

பாம்பு வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டது. எட்வின் சலித்துப்போய்ப் புழுவை மண்மேல் போட்டான். பெட்டியைத் துண்டால் மூடிவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான்.

இப்போது பார்க்க ஆளில்லை. பாம்பு மெல்ல ஊர்ந்து வந்து புழுவுக்கு நேரே வாயைத் திறந்தது.

"பார்த்தீங்களா அண்ணாச்சி," என்றது புழு. "சாப்பாட்டைப் போட்டுட்டு, 'சாப்பிடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்க."

பாம்புக்குச் சுருக்கென்றது. "நான் என்ன சோத்துக்குச் செத்தவனா? வந்து கூப்பிடட்டும், அப்புறம் பார்ப்போம்," என்று துண்டைப் பார்த்தபடி விறைப்பாகச் சுருண்டுகொண்டது.

"அப்படிச் சொல்லுங்க," என்ற புழு, தலையை ஈரமண்ணுக்குள் நுழைத்து, வாலையும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.