எழுபத்தொரு சதவீதம்

ராஜேஸ்வரி எழுந்து நின்றாள். இனி அவளுக்குப் பின்னால் எழுவதற்கு யாரும் பாக்கியில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர்கள் உட்காருவதற்கு ஒரு முறை இருக்கிறது. நூறு சதவீதம் வாங்கியவர்களுக்கு முன்வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே. சதவீதம் இறங்க இறங்க நாற்காலியும் பின்னால் போகும். ராஜேஸ்வரியின் நாற்காலி கதவோரம், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். காற்று வராது. சீக்கிரம் எழுந்து ஓடலாம், அந்த மட்டில் வசதிதான்.

திரையில் ஐம்பது பள்ளிகளின் பட்டியல். ஐம்பதாவது இடத்தில் ஜவ்வாது மலை மேலே இருக்கும் அவளுடைய அரசு உயர்நிலைப் பள்ளி. எழுதியவர்கள் முப்பத்தெட்டு, தேறியவர்கள் இருபத்தேழு, எழுபத்தொரு சதவீதம். அந்த வரிக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தார்கள்.

போன வருடமும் சிவப்புதான். இரண்டு வருடம் தொடர்ந்து எழுபத்தைந்துக்குக் கீழே போனால், பத்தாம் வகுப்பை எடுத்துக் கீழே ஒரு பள்ளியோடு சேர்த்துவிடுவதாகக் கடிதம் வந்திருந்தது.

கீழே என்றால் இருபத்திரண்டு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அதுவும் அது மனசு வைத்தால். வகுப்பு இறங்கிய மறுநாளே மலையில் பெண்பிள்ளைகள் ஒன்பதாவதோடு நின்றுவிடுவார்கள். இதைச் சொல்லிப் புரியவைக்க எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

மேடையில் கல்வி அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. களைத்திருந்தார்.

"பதினோரு பேர் ஃபெயில். காரணம் சொல்லுங்க மேடம்."

காரணம் அவள் கையிலேயே இருந்தது. ஒரு தாள். அதில் பதினோரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முன்பு படித்த பள்ளி. பதினொன்றில் எட்டு, கீழேயிருந்து வந்தவை.

ஒன்பதாம் வகுப்பு முடிகிற மே மாதம், தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைச் சில பள்ளிகள் கூப்பிட்டு, பக்குவமாகப் பேசி, டிசியைக் கையில் கொடுத்துவிடும். பிள்ளை போகும், நூறு சதவீதம் வரும். மலையில் ராஜேஸ்வரி டீச்சர் மட்டும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்கிறாள் என்று பேச்சு பரவியிருந்தது. அப்படிப் பதின்மூன்று பேர் மலையேறி வந்து, விடுதியில் தங்கிப் படித்தார்கள். அரையும் காலும் கூட்டினால் என்ன என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார்கள். அவர்களில் ஐந்து பேரைத் தேற்றிவிட்டாள். பரீட்சையன்று காலையில் புளி உலுக்கப் போய்விட்ட இரண்டு மலைப்பையன்களை மரத்திலிருந்து இறக்கி, முகம் கழுவவைத்து அனுப்பியது தனிக்கதை.

தாளைப் படித்தால் போதும். மலைப்பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் எண்பத்தெட்டு சதவீதம். வகுப்பு இடத்தை விட்டு நகராது.

படித்தால் முன்வரிசையில் நாலைந்து பேர் தலைகுனிவார்கள். அடுத்த மே மாதம் மலைக்கு ஒரு பிள்ளையும் வராது. கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். மில்லுக்கோ, கட்டட வேலைக்கோ.

மலைப்பெண்களைக் காப்பாற்றினால் அந்தப் பிள்ளைகள் போச்சு. அவர்களைக் காப்பாற்றினால் இவர்கள் போச்சு. ராஜேஸ்வரிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தாளை நாலாக மடித்தாள்.

"அடுத்த வருஷம் சரி பண்ணிட்றேங்க சார்."

இதை எல்லோரும்தான் சொல்வார்கள். அதிகாரி பெருமூச்சு விட்டு, எழுதக் குனிந்தார்.

முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்தவர் பாண்டுரங்கன். அடிவாரத்துப் பள்ளியின் தலைமையாசிரியர், ஆறு வருடமாக நூறு. சற்று முன் வாங்கிய கேடயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சார், அந்தப் பதினொண்ணுல மூணு பேர் எங்க பசங்க. தேறமாட்டாங்கன்னு நான்தான் டிசி குடுத்து அனுப்சேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர் பாதி எழுந்து, தங்களுடையது இரண்டு என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

அதிகாரி பேனாவை மூடினார். பிள்ளைகள் ஒன்பதாவது எங்கே படித்தார்கள் என்று ஒரு பத்தி சேர்த்து, எல்லாப் பள்ளிக்கும் பட்டியலை மறுபடி போடச் சொன்னார். அதுவரை எந்த வகுப்பும் எங்கேயும் இறங்காது என்றும் சொன்னார். ராஜேஸ்வரி மடித்த தாளைப் பைக்குள் போட்டாள்.

பாண்டுரங்கன் இன்னும் உட்காரவில்லை. அத்தனை வரிசையையும் தாண்டிக் கதவோரம் திரும்பினார்.

"பாஸானதுல ஒண்ணு என் சொந்தப் பொண்ணு மேடம். சுவேதா. அவளுக்கும் டிசி எழுதினது நான்தான்."

ராஜேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். சுவேதாவைச் சேர்க்க அவள் அம்மாதான் வந்திருந்தாள். அப்பாவை யாரும் பார்த்ததில்லை.

பார்க்காமல் என்ன. வருடம் முழுக்கத் திங்கட்கிழமைதோறும், பிரேயருக்கு முன்னால், அந்தப் பெண்ணைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பிப் போகும் ஒரு பைக். பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று ஒருநாள் ராஜேஸ்வரியே அதை மறித்து, நன்றாகத் திட்டியும் இருக்கிறாள்.

அன்று அந்த ஹெல்மெட் ஒரு வார்த்தை பேசாமல், கடைசிவரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனது.