ஞாயிறு மதிய ஆட்டம்

பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவளும் மேடைக்கு விளக்கு போடுகிறவனும் ஆடப் போன ஒரு பழைய கிடங்கில்தான் காதலித்தார்கள். போன மாதம் அதே கிடங்கில், யாரோ கொடுத்த போதை மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவன் ஆடினான். ஆடிக்கொண்டிருந்தபோதே விழுந்து செத்தான். புதைக்கும்போது அவள் கூடவே நின்றாள்.

இந்த ஞாயிறு மதியம் அங்கேயே மறுபடி ஆட்டம் வைத்தார்கள். கொஞ்சம் அழுதுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. பாட்டு சூடு பிடித்து நெஞ்சுக்கூடு அதிர ஆரம்பித்ததும், பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் அவன் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கடைசியாக அவனுக்குப் போட்டுவிட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"டேய், நீ செத்துட்டியேடா."

"தெரியும்டி. மாத்திரை போதை இன்னும் எறங்கல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எறங்கிட்டா?"

"திரும்பப் போய்ப் படுத்துக்கணும்."

அவன் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை. இப்படி ஒரு சந்தோஷத்தில் அவள் ஆடியதே கிடையாது.

பொழுது சாய்வதற்குள் பாட்டை நிறுத்தினார்கள். ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றினார்கள். கூட்டம் கலைந்தது. அவர்கள் இருவரும் நிறுத்தவில்லை. துடைப்பத்தோடு வந்த துப்புரவுக்கார அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளிப் போய் ஆடுங்க. பெருக்கப் பெருக்க உங்க மேலேர்ந்து மண்ணா கொட்டுது."