மடங்காத கம்பு

"பாதி வழியில இது மடங்கிட்டா நான் செத்துடுவேனா?"

நடைக்கம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி மிலாக்ரோஸ் கேட்டாள். அவளுக்குப் பின்னால் மலையேற்றச் சாமான் கடையின் கண்ணாடிக் கதவு காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. மலையடிவார ஊரான எல் சால்தேனில் காலையிலிருந்து அந்தக் காற்று ஓயவில்லை.

கடைக்காரர் எவாரிஸ்தோ குடுவையிலிருந்த மாத்தே தேநீரை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"சாக மாட்ட மகளே, பொத்துனு உக்காருவ. எந்த இடத்துல உக்காருறங்கறதுதான் விஷயம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எங்க போற?"

"மேல, ஏரிக்கு. நாளைக்குக் காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்பணும்."

"சொந்த ஊரு?"

"ரொசாரியோ."

"அடக் கடவுளே! உங்க ஊர்ல மேடுன்னா வேகத்தடை மட்டும்தானே?"

மூன்று ஜோடிக் கம்புகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது கார்பன். இறகு மாதிரி இருக்கும். ஆனா பாறை இடுக்குல மாட்டிக்கிட்டு பக்கவாட்டுல அழுத்தினா பட்டுனு ஒடியும். இது அலுமினியம். வளையும், சட்டுனு ஒடியாது. வளைஞ்ச கம்போட வீடு வந்து சேந்துடலாம்."

"அலுமினியமே குடுங்க."

"இரு. இதுல திருகிப் பூட்டுற மாதிரி இருக்கு. அழுத்திப் பாரு."

மிலாக்ரோஸ் திருகிவிட்டு உடம்பின் கனத்தை அதன்மேல் போட்டாள். கம்பு நான்கு விரற்கடை உள்ளே இறங்கியது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இது மேல நடந்திருந்தா?"

"அதுக்குத்தான் இங்கயே காட்டினேன். குளிர்ல, ஈரத்துல இன்னும் நழுவும். இதோ, நெம்பி அழுத்திப் பூட்டுறதை எடுத்துக்கோ."

அதை ஐந்து முறை அழுத்திப் பார்த்தாள். நகரவில்லை. ஆறாவது முறையும் அழுத்தினாள்.

"முழங்கையைச் செங்கோணமா மடக்கு. அதுதான் உன் உயரம். இறங்கறப்ப கொஞ்சம் நீட்டிக்கோ."

அவள் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள்.

"இதையுமா எழுதுற?"

"பயத்துல மறந்துடும். அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர்... எப்படி இருக்கும்?"

எவாரிஸ்தோ கதவைப் பார்த்தார். "நானூறு மீட்டர் ஏத்தம். காலுக்குக் கீழ உருளுற கல்லு. இன்னிக்கு மாதிரி காத்து அடிச்சா ஆளையே தள்ளிடும். மணிக்கட்டுலேர்ந்து கைப்பட்டையைக் கழட்டிட்டு ரெண்டு கம்பையும் முன்னால ஊனி, குனிஞ்சு நின்னுக்கணும்."

"ஏறணுமா, திரும்பணுமான்னு..."

"அதைக் கைடு சொல்லுவார்."

"கைடு தப்பா சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டார். அதுக்குத்தானே கைடு!"

மிலாக்ரோஸ் அதையும் நோட்டில் எழுதப்போய், பாதியில் பேனாவை நிறுத்தினாள்.

"இவ்வளவு பயம்னா போகாம இருந்துடேன்" என்றார் அவர்.

"வேலை விஷயம். போகலைன்னா திங்கக்கிழமைலேர்ந்து வேலை கிடையாது."

"ஆபீஸ் சுற்றுலாவா? இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு வேற பொழப்பில்லை. நாற்காலியில சிவனேன்னு இருக்கறவங்களை மலையில ஏத்தி, ஒற்றுமைம்பாங்க!"

அவள் கம்பின் பூட்டை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"என்னைப் பாரு. என் வீட்டுக்காரி எதெல்வினா நாளைக்கு அதே ஏரிக்குத்தான் போறா. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் இதுதான் முதல் ஏத்தம். நான் பயப்படறேனா? எட்டு பேர் கொண்ட குழு, கூடவே முன்னூறு தடவை ஏறி இறங்கின கைடு. வேற என்ன வேணும்?"

"எந்தக் குழு?"

"காலைல ஏழு மணிக்குப் பேக்கரி வாசல்லேர்ந்து கிளம்புமே, அதுதான்."

மிலாக்ரோஸின் பேனா தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தவள் நிமிர நேரமாயிற்று.

"உங்க வீட்டம்மாவுக்கு எந்த முட்டி?"

"இடது. ஏன்?"

"சும்மாதான்."

அதையும் நோட்டில் எழுதினாள். எழுத்து கோணலாக ஓடியது.

எவாரிஸ்தோவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஒரே ஒரு புத்தி சொல்றேன், கேட்டுக்கோ. கைடு கால் வச்ச இடத்துல கால் வை. அவர் நின்னா நில்லு. அவர் முகத்துல பயம் இல்லாத வரைக்கும் உனக்கும் பயம் வேண்டாம். சரியா?"

அவள் தலையாட்டினாள். கம்புகளைக் காகிதத்தில் சுற்றி அவர் விலையைச் சொன்னார். பணப்பையைத் திறந்தவள் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்ன மகளே?"

நிமிராமல், காற்றுச் சத்தத்தில் பாதி கரைந்த குரலில் மிலாக்ரோஸ் கேட்டாள்:

"கைடுகளுக்கு இருபது சதவீதம் குறைப்பீங்களாமே? அந்தக் குழுவோட பழைய கைடு இன்னிக்குக் காலைல கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காரு... எனக்குக் கைடு அட்டை இன்னும் வரலை. நாளைக்கு ஏழு மணிக்குப் பேக்கரி வாசல்ல தர்றேன்னு சொல்லியிருக்காங்க."