"பதினொண்ணுதான் ஆச்சு!"

வாயைத் திறந்தால் எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று தையல்காரிக்குப் பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். எதை முதலில் சொல்வது, எதை விழுங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஜிம்முக்குள் நுழைந்தாள்.

மாஸ்டர் வரச் சொல்லியிருந்தார். மகளைப் பற்றிப் புகாராம்.

மகளுக்கு இருபது வயது. ஆட்டிசம். ஆறு மாதமாக ஜிம்முக்கு வருகிறாள்.

"உட்காருங்கக்கா. ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, ஒன்பது பேர் சொல்லிட்டாங்க."

"ஐயோ! யாரையாவது தள்ளிட்டாளா மாஸ்டர்?"

"எண்ணுறா."

"எண்ணுறாளா?"

"பக்கத்துல யார் தண்டால் எடுத்தாலும் எண்ணுறா. பேங்க் மேனேஜர் 'இருபது'ன்னு மூச்சு வாங்கிட்டு எழுந்தா, 'பதினொண்ணுதான் ஆச்சு'ங்கிறா. பல் டாக்டரை எழுந்திருக்கவே விடல. 'இன்னும் ஆறு இருக்கு'ன்னு பக்கத்துலயே நிக்கிறா. மானம் போகுதுன்னு கத்துறாங்க."

தையல்காரிக்கு ஒத்திகையெல்லாம் பறந்துபோனது.

"நிறுத்திடாதீங்க மாஸ்டர்! இங்க வந்தப்புறம்தான் அசந்து தூங்குறா. மணிக்கட்டைக் கடிச்சுக்கிறது நின்னுபோச்சு. மாடிப்படி இறங்கவே சுவரைப் பிடிச்சவ, இப்ப பஸ்ல நின்னுக்கிட்டே வர்றா. அவளுக்குப் பொய் வராது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னா ஏன் இவங்களுக்கு உறைக்குது? நீங்ககூடத்தான் பலகையில உங்க தண்டால் கணக்கு அம்பதுன்னு எழுதுறீங்க. முப்பத்தெட்டுதான்னு அவ வீட்ல வந்து சொல்றா. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் பலகையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"முப்பத்தெட்டேதான்க்கா! நிறுத்தறதா? பேங்க் மேனேஜருக்குத் தொப்பை கரைஞ்சு பேன்ட் எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. உங்ககிட்டதான் இடுப்பைப் பிடிச்சுத் தைக்கக் கொடுக்கப் போறாராம். இனிமே எண்ணுற வேலை உன்னோடதுதான், சம்மதமான்னு அவகிட்டயே கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"யோசிச்சா. 'என் பயிற்சி முடிஞ்சப்புறம் எண்ணுறேன். ஆனா அம்மாவும் வரணும். நாள் பூரா மெஷின்ல உக்காந்து முதுகு வலிக்குதுங்கிறாங்க'ன்னா. அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்."

தையல்காரிக்குக் கண் தளும்பிவிட்டது. தன் முதுகுவலி மகளின் காதில் விழுந்திருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மறுநாளே சேர்ந்துவிட்டாள்.

காலை ஏழு மணி. உட்கார்ந்து எழ வேண்டும், பத்து தடவை. தொடை இரண்டும் வெடவெடக்க, "பத்து!" என்று நிமிர்ந்தாள்.

"ஆறு" என்றாள் மகள், தெருமுனை வரை கேட்கும்படி. "இன்னும் நாலு இருக்கும்மா."

பேங்க் மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த நாலையும் முக்கி முனகி முடித்த தையல்காரி, மாஸ்டரை ஓரமாக இழுத்துப்போனாள்.

"மாஸ்டர், எனக்கு மட்டும் ஆறு மணிக்கு மாத்திக் கொடுத்துடுங்க."

"உங்க பொண்ணு ஏழு மணிக்குத்தானேக்கா வருவா?"

"மெதுவாப் பேசுங்க மாஸ்டர். அதனாலதான்."