கதவு வரைக்கும்

"உங்களுக்கு நோயே பயம்தாம்மா. எந்திரிச்சு அந்தக் கதவு வரைக்கும் வாங்க பாப்போம்," என்கிறார் வீட்டுக்கு வந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட். கட்டிலில் இருப்பவள், ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். உட்கார்ந்தே இருந்தால் பயந்தாங்கொள்ளிப் பட்டம். நடந்துவிட்டாலோ, ஒவ்வொரு முறையும் ஆவதுபோல, நாளைக்குத் தலையணையிலிருந்து தலை எழும்பாது, அதைப் பார்க்க இவர் இருக்கப்போவதில்லை. எழுகிறாள். திரைச்சீலை ஆட, வெயில் தரையில் தண்ணீராய் அசைகிறது. மார்பளவு ஆழத்தில் நடப்பவள்போல அதைக் கடந்து, திறந்த கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். "பாத்தீங்களா? வெறும் பயம்!" என்கிறார் அவர். "இனிமே தினமும் நடக்க வெச்சிடறேன் சார்," என்கிறான் கட்டிலருகே நிற்கும் அவள் கணவன், முகமெல்லாம் சிரிப்பாக. இருவரும் பேசிக்கொண்டே அவளைத் தாண்டி வெளியே போகிறார்கள். கைப்பிடியை அவள் இன்னும் விடவில்லை. கட்டில் அக்கரையில் இருக்கிறது.