வாடகை மழை

“மழை எங்கேய்யா?” டைரக்டர் கத்தினார்.

மழை வரவில்லை. தெரு செட்டுக்கு மேலே கட்டியிருந்த பைப்புகள் சும்மா தொங்கின. கீழே நடுத்தெருவில் பிணம் மல்லாக்கப் படுத்திருந்தது.

வெளியே நிஜ மழை விடாமல் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. அது டைரக்டருக்கு வேண்டாம். சொன்ன பேச்சு கேட்காத மழை. அதனால்தான் கூரைக்கு அடியில் செட்டு, செட்டுக்குள் வாடகை மழை.

“காலையில நல்லாத்தானே பெய்ஞ்சான்? சாரல்னா சாரல் விட்டான், தூறல்னா தூறல் விட்டான். இப்ப ஒவ்வொரு ஷாட்டுக்கும் இவனுக்காகத் தேவுடு காக்கணுமா?”

மேனேஜருக்கு நின்று நின்று கால் வீங்கியிருந்தது. வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

“மழை... மழை... என்னப்பா ஆச்சு?”

“பைப்புல அடைப்பு சார். பத்து நிமிஷம்.” கொட்டகைக்குப் பின்னால் டேங்க் பக்கத்திலிருந்து மழைக்காரரின் குரல் கரகரவென்று வந்தது.

“இதையேதான்யா அப்போலேருந்து சொல்றே!”

லைட்காரர்கள் இருந்த இடத்திலேயே குந்தினார்கள். ஹீரோ கேரவனுக்குப் போய்விட்டார். டைரக்டர் பிளாஸ்க்கிலிருந்து சூடாகக் காபி ஊற்றிக்கொண்டார்.

எல்லாம் அந்தத் தும்மலில் ஆரம்பித்தது. நல்ல ஷாட். ஹீரோ அம்மாவின் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார். கொட்டுகிற மழையில் பிணம் ‘ஹச்’ என்று தும்மிவிட்டது.

“ஏம்மா, செத்தவங்க தும்முவாங்களா?”

பிணம் பதறி எழுந்து கும்பிட்டது. “மன்னிச்சுக்குங்க சார். தூசி. இனிமே வராது.”

“உடம்பு கிடம்பு சரியில்லைன்னா சொல்லிடு. வேற ஆளைப் படுக்க வெச்சுக்கறோம்.”

“ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். நல்லாத்தான் இருக்கேன்.”

இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் நிற்கிற அம்மா அவர். ரயிலுக்குக் காத்திருக்கிற கூட்டம், கோர்ட் வாசல் கூட்டம், சண்டையை வேடிக்கை பார்க்கிற கூட்டம். படத்தில் முதுகு வரும், அதிர்ஷ்டம் இருந்தால் தோள்பட்டை வரும். இன்றைக்குத்தான் முதல்முறையாக முகம். கண்ணை மூடிய முகம்தான், ஆனாலும் முகம். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வருமா?

அதற்கப்புறம் வந்த மழையெல்லாம் தாமதம். கேமராமேன் மட்டும் குஷியாக இருந்தார்.

“சார், கடைசியா எடுத்த ஷாட்டைப் பாத்தீங்களா? பிணத்து மேல லேசா ஆவி மாதிரி எழும்புது. பிரமாதம்!”

“உயிர் பிரியறதை அப்படித்தான்யா காட்டணும்” என்றார் டைரக்டர், ஏதோ தானே யோசித்து வைத்த மாதிரி.

மேக்கப்மேன் மேனேஜரின் காதைக் கடித்தார். “பின்பக்கம் ஒரே புகை சார். அடைப்பாவது மண்ணாவது. நம்மாளு உக்காந்து சுகமா இழுத்துக்கிட்டு இருக்காரு.”

அது டைரக்டர் காதிலும் விழுந்துவிட்டது.

“போய்யா! அந்த ஆளை இப்பவே வெளியே அனுப்பு. இனிமே நம்ம படத்துல அவன் மழை பெய்யக்கூடாது. உதவிக்கு இருக்கறவனை வால்வைத் திறக்கச் சொல்லு.”

மேனேஜர் விடுவிடுவென்று நடந்தார். இத்தனை பேர் பசியும் தூக்கமுமாகக் கிடக்க, ஒருத்தனுக்குப் புகை கேட்கிறதா? அவருக்கு ரத்தம் கொதித்தது.

பின்கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. தகரத் தாழ்வாரத்தின் அடியில் டேங்க். அதன் மறைவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

“நல்லா இருக்குய்யா உன் நியாயம்! அங்கே...”

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மழைக்காரர் கையில் பீடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை. குந்தி உட்கார்ந்து ஓர் இரும்பு டிரம்முக்கு அடியில் ஊதிக்கொண்டிருந்தார். உடைந்த செட்டுப் பலகைகள் ஈரத்தில் எரியமாட்டேன் என்று அடம்பிடித்தன. அவர் கண் இரண்டும் சிவந்து தண்ணீராய்க் கொட்டியது. டிரம்மிலிருந்து ஒரு சின்ன மோட்டார் வழியாக ஒற்றைக் குழாய் மேலே போயிற்று.

“என்னய்யா இது?”

அவர் அவசரமாக எழுந்தார். “மத்த பைப்புக்கெல்லாம் டேங்க் தண்ணிதான் சார். அந்தம்மாவுக்கு நேர் மேல இருக்கற ஒண்ணுக்கு மட்டும் இது.”

“எதுக்கு?”

“தும்மினதுக்கப்புறம் பைப்பைத் திருப்பி வைக்கப் போனேன். அவங்களுக்குக் காய்ச்சல் சார். உடம்பு நெருப்பாக் கொதிக்குது, பல்லு கிடுகிடுங்குது. வெளியே சொன்னா மாத்திடுவாங்க, சொல்லிடாதப்பான்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. டேங்க் தண்ணி ஐஸா இருக்கு. அதை எப்படி சார் அவங்க தலையில ஊத்துவேன்?”

மேனேஜருக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்தம்மாவுக்குத் துண்டு கொடுத்தார்களா என்றுகூட அவர் கேட்டதில்லை.

மழைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “வேலை போனாப் பரவாயில்ல சார். இன்னும் ஒரே ஒரு ஷாட்டுதானே? அதை மட்டும் முடிச்சுட்டுப் போயிடறேன்.”

மேனேஜர் டிரம்முக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

வாக்கி டாக்கி அலறியது. “என்னய்யா, அனுப்பிட்டியா அந்த ஆளை? மழை வருமா வராதா?”

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓரமாகக் கிடந்த காய்ந்த பலகை ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தார். இரண்டு துண்டையும் அடுப்பில் செருகிவிட்டு வாக்கி டாக்கி பட்டனை அழுத்தினார்.

“பைப்புல அடைப்பு சார். பத்து நிமிஷம்.”