பேட்டரி தீர்ந்தால்

டிரான்ஸ்ஃபார்மர் மேல் லைன்மேன் ஏறியிருந்தார். கீழே மொத்தத் தெருவும் அண்ணாந்து நின்றது.

ராத்திரி தூங்கிய முகம் அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும்தான்.

"தம்பிக்கு என்னப்பா, காருக்குள்ளயே ஊட்டி!" என்றார் எதிர்வீட்டு சேவியர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

கத்திரி வெயில். கரண்ட் போய் இரண்டாம் நாள். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

கீழே ஷெட்டில் புது வண்டி. பாதி கரண்ட், பாதி பெட்ரோல். ஏசியைப் போட்டுப் பின்சீட்டில் மெத்தை விரித்தான்.

"புகை வராதாங்க?" என்று கேட்டாள் ரஞ்சனி.

"பேட்டரிம்மா. பேட்டரிக்கு ஏது புகை?"

குழந்தை தூங்கியது. அவளும் தூங்கினாள். முன்சீட்டில் அவனும்.

காலையில் செய்தி பரவிவிட்டது. போனில் சார்ஜ் ஏற்றிக்கொள்ள ஒவ்வொருவராக வந்தார்கள். பெருமையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது.

எல்லோரையும் அனுப்பினான். தாயும் பிள்ளையும் மறுபடி கண் அசந்ததும் சத்தமில்லாமல் இறங்கினான். ஷட்டரைத் தரை வரை இழுத்துவிட்டான். அடி இடுக்கில் அனல் காற்று வந்தது. ஈரச் சாக்கைச் சுருட்டி அடைத்தான்.

ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. நிம்மதியாகத் தூங்கட்டும்.

அதன் பிறகுதான் இங்கே வந்தான்.

"என் வண்டியைப் பாரு," என்றார் சேவியர். "முழுக் கரண்ட் வண்டின்னு பீத்திக்கிட்டேன். சார்ஜ் இல்லாம செத்த மாடு மாதிரி கெடக்கு."

"நான் அப்பவே சொன்னேன், டீசல் வாங்குய்யான்னு." இது மூலைவீட்டு கோதண்டம். பத்து வருடமாக ஒரே டீசல் வண்டி, ஒரே பல்லவி.

"உங்க டீசலை ஷெட்டுல ஓடவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்தா, காலையில சங்குதான் சார்!" என்றார் சேவியர்.

கோதண்டமும் சேர்ந்து சிரித்தார். "அது சரி. நான் வாசல்லதான்யா நிறுத்துவேன்." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. வண்டி நெஜமாவே எப்படி?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் மாதக்கணக்கில் காத்திருந்தான்.

"ரெண்டு வண்டியோட நல்லதும் இதுல இருக்கு சார். ஆபீஸ் போய்ட்டு வர்ற வரைக்கும் பேட்டரிதான். பெட்ரோல் பங்க்காரனுக்கு என் மூஞ்சியே மறந்துபோச்சு."

"சரி, பேட்டரி தீர்ந்துபோனா? சேவியர் மாதிரி தள்ளணுமா?"

"அதான் சார் இதுல அழகே. தீர்ந்தா இன்ஜின் தானா ஓட ஆரம்பிச்சிடும். நாம ஒண்ணுமே பண்ண வேண்டாம். உள்ள தூங்குறவங்களுக்குக்கூடத் தெரி..."

ஷெட் இருந்த பக்கம் திரும்பினான்.

சேவியர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஏசி. தெருவில் பாதிப் பேரின் போன்கள். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காலையில் அவன் பார்க்கவில்லை.

பார்க்கத் தோன்றவில்லை.

ஓடினான்.

"தம்பி! கரண்ட் வர்ற நேரத்துல எங்க ஓடுறே?"

ஓடிக்கொண்டே ரஞ்சனியை அழைத்தான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. குழந்தை எழுந்துவிடும் என்று அவள் போனைச் சைலன்ட்டில் போட்டவன் அவன்தான்.

தெரு இவ்வளவு நீளமென்று அவனுக்குத் தெரியாது.

வீட்டு வாசலுக்கு வருமுன்பே கேட்டது.

மெல்லிய உறுமல். ஷோரூமில் இதே சத்தத்தைக் கேட்கக் காதைத் தீட்ட வேண்டியிருந்தது. "சார், இன்ஜின் ஓடுது, நம்பவே மாட்டீங்க," என்றான் விற்றவன்.

குனிந்தான். ஷட்டரைப் பிடித்துத் தூக்கினான். பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்து நெட்டினான்.

சூடான காற்று மூஞ்சியில் அடித்தது. அனல் இல்லை. வேறு சூடு.

உள்ளே இருட்டு.

கதவு கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. யாரும் திறந்து எழுப்பிவிடக் கூடாதென்று அவன்தான் உள்பூட்டை அழுத்திச் சாத்தியிருந்தான். சாவி உள்ளே. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தான். ஒன்றும் தெரியவில்லை.

"ரஞ்சனி!"

அப்போது கரண்ட் வந்தது.

ஷெட்டு விளக்கு இரண்டு தரம் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. துடைத்த இடத்தின் வழியாகப் பார்த்தான். அவள் குழந்தை பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குழந்தையின் கை அவள் தாலிச்சரடைப் பிடித்திருந்தது.

விட்டுப்போனது போலவே இருந்தார்கள்.

வெளியே ஒவ்வொரு வீடாக "ஹே..." என்று கூச்சல் கிளம்பியது. விசில். கைதட்டல். யாரோ தட்டில் கரண்டியால் அடித்தார்கள்.

மூலையில் கிடந்த செங்கல்லை எடுத்து முன்கதவுக் கண்ணாடியை உடைத்தான். கையை விட்டு இன்ஜினை அணைத்தான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சிணுங்கல் போதும். அந்தத் தொண்டை கட்டின அழுகை கொஞ்சம் கேட்டால் போதும்.

"சத்தம் போடாதீங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினான்.

தெரு கைதட்டிக்கொண்டே இருந்தது.